மாளவ மண்ணின் அமுக்கரா

நாட்டு மருந்துக் கடையில் சீமை அமுக்கரா என்று கேட்டு வாங்கி வந்து, உலர்த்தி, இடித்து, சலித்து, இரவில் பாலில் கலந்து அருந்தும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்க்கும், உழைத்து உடல் தளர்ந்தவர்க்கும், உறக்கம் வாராது புரண்டு கிடக்கும் முதியோர்க்கும் நம் பாட்டிமார் எடுத்துக் கொடுத்த கிழங்கு அது. அமுக்கிரா என்றும், அமுக்கனாங்கிழங்கு என்றும் வழங்குவர். வடமொழியில் அசுவகந்தா. இக்காலத்துப் பிள்ளைகள் அப்பெயரையே ஆங்கில ஒலிப்பில் கூறி, மாத்திரையாக வாங்கி விழுங்குகின்றனர்.

இந்தக் கிழங்கு எங்கே விளைகிறது என்று கடைக்காரரைக் கேட்டால், “வடக்கேயிருந்து வருகிறது” என்று கூறி நிறுத்திக் கொள்வார். அந்த வடக்கு, பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் வடமேற்கு மூலையில், இராஜஸ்தான் எல்லையை ஒட்டிக் கிடக்கும் நீமச் மாவட்டமும், அதன் அண்டை மாவட்டமாகிய மந்த்சௌருமே ஆகும். தை மாதக் கடைசியில் அங்கே ஒரு வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கிழங்கு அகழும் பருவமும் அதுவே.

இரத்லாம் சந்திப்பில் இறங்கி, சித்தோர்கட் செல்லும் வண்டியில் ஏற வேண்டும். இரத்லாமில் வண்டிக்குக் காத்திருப்போர் அனைவர் கையிலும் ஒரு சேவுப் பொட்டலம் இருக்கும். கடலை மாவில் கிராம்பும் மிளகும் இட்டுப் பிழிந்த அந்த ஓமப்பொடியின் காரம் மந்த்சௌர் வரை நாவில் நிற்கிறது. நீமச் அங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மாளவப் பீடபூமியின் கரிசல் நிலம் இருபுறமும் விரிந்து கிடக்கிறது. கோதுமை, கடுகு, கொத்துமல்லி, வெள்ளைப் பூண்டு எனக் குளிர்காலப் பயிர்கள் பசுமை காட்டி நிற்கும் காலம். மந்த்சௌரைக் கடந்ததும் பிப்லியா என்றொரு சிறு நிலையம் வருகிறது. 2017ஆம் ஆண்டு சூன் மாதம் 6ஆம் நாள், விளைபொருளுக்கு உரிய விலை கேட்டுக் கிளர்ந்த உழவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது இவ்வூர்ப் புறத்திலேதான். வண்டி அங்கே சிறிது நேரமே நின்றது. எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஒருவரோடொருவர் ஏதும் பேசாமல் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அதற்கு அப்பால் ஆங்காங்கே தும்பைப் பூவைக் கொட்டிப் பரப்பினாற்போல் வெண்மையான வயல்கள் தென்பட்டன. அவை கசகசாச் செடிகள். அபினி எடுக்கும் செடிகள். அரசின் உரிமம் பெற்றவரே அவற்றைப் பயிரிடலாம். எவ்வளவு நிலத்தில் பயிரிடலாம் என்பதும், எவ்வளவு பால் ஒப்படைக்க வேண்டும் என்பதும் எழுதி வைத்தபடிதான் நடக்கும். காயைக் கீறி வடியும் பாலை விடியற்காலையில் வழித்தெடுத்து, அரசிடமே அளந்து கொடுக்க வேண்டும். நீமச் நகரிலேயே அரசின் அபினி, ஆல்கலாய்டுத் தொழிற்சாலை இருக்கிறது. வலி நீக்கும் மருந்துகளுக்கான மார்பின் முதலியன அங்கே பிரித்தெடுக்கப்படுகின்றன. இத்தனை காவலையும் மீறி இவ்வயல்களில் களவு செய்வோர் கிளிகள். காயைக் கொத்திச் சுவை கண்ட கிளி மறுநாளும் வந்துவிடுகிறதாம். தகரத்தைத் தட்டி அவற்றை விரட்டிக் கொண்டிருந்த சிறுவர்களை வழியெங்கும் கண்டேன்.

இலத்தீன் மொழி சிறிது பயின்றவர்க்கு இவ்விடத்தில் ஒரு வியப்புத் தோன்றும். அபினிச் செடிக்குத் தாவரவியலார் இட்ட பெயர் பாப்பாவர் சோம்னிஃபெரும். அமுக்கராவுக்கு விதானியா சோம்னிஃபெரா. சோம்னுஸ் என்றால் உறக்கம். உறக்கத்தைக் கொணர்வது என்பதே இரண்டு சொற்களுக்கும் பொருள். 1753இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இரண்டு செடிகளுக்கும் இந்த அடைமொழியைச் சூட்டினார். அவர் அமுக்கராவைச் சொடக்குத் தக்காளியின் இனத்தில் சேர்த்திருந்தார். 1852இல் துனால் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனை விதானியா இனத்துக்கு மாற்றினார். இனம் மாறியும் உறக்கம் என்ற அடைமொழி மட்டும் மாறவில்லை. உறவு சிறிதும் இல்லாத இவ்விரு செடிகளும், ஒரே பெயரைச் சுமந்துகொண்டு, ஒரே வட்டாரத்தில், ஒரே குளிர்காலத்தில் முதிர்ந்து நிற்கின்றன. ஒன்றை அரசு அங்குலம் அங்குலமாக அளக்கிறது. மற்றொன்றை அளப்பார் எவருமில்லை.

நீமச் ஒரு படைவீட்டு நகரம். ஆங்கிலேயர் காலத்துப் பாசறை இது. 1857 சூன் 3இல் இங்கிருந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். இன்றைய மத்திய சேமக் காவல் படையும் இவ்வூரில்தான் 1939 சூலை 27இல், அரசப் பிரதிநிதியின் காவல் படை என்ற பெயரில் தோன்றியது. ஆகையால் இந்நகரின் தெருக்களில் இந்தியாவின் எல்லா மொழிகளும் காதில் விழும். அப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று, அங்கேயே மனை வாங்கிக் குடியமர்ந்துவிட்ட இராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவர் எனக்குத் துணையாக வந்தார். அவருடைய துணைவியார் மாளவத்துப் பெண்மணி. “சாமி, நம்ம ஊர்க் கரிசலும் இந்த ஊர்க் கரிசலும் ஒரே நிறம்தான். ஆனா நீங்க தேடி வந்த கிழங்கு கரிசல்ல விளையாது, அதுக்கு ஏழை மண்ணுதான் வேணும்” என்று முதல் நாளே கூறினார்.

அவர் கூறியதன் பொருள் மறுநாள் விளங்கிற்று. நீமச்சிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் மனாசா என்னும் வட்டத் தலைநகர். அதனைச் சுற்றிய சிற்றூர்களில் கிணறும் நல்ல நிலமும் உடையவர்கள் பூண்டும் கோதுமையும் வைக்கிறார்கள். உரிமம் கிடைத்தவர்கள் கசகசா வைக்கிறார்கள். மேட்டுப் பாங்கில், கல்லும் மணலும் கலந்த, தண்ணீர் நில்லாத செம்மண் துண்டுகளில்தான் அமுக்கரா நிற்கிறது. கெட்டியான கரிசலில் வேர் நேராக இறங்காது. மழைநீர் தேங்கினால் அழுகிவிடும். ஆவணி வாக்கில், பெருமழை ஓய்ந்த பின் விதையைத் தூவி விடுகிறார்கள். 150 முதல் 180 நாட்கள் நிலத்தில் இருக்கிறது. உரமும் நீரும் பெரிதாக வேண்டுவதில்லை. நீல்காய் என்னும் காட்டுமான் கூட்டம் அப்பகுதி உழவர்க்குப் பெருந்தொல்லை. அமுக்கராவை அவை தொடுவதில்லை என்று அவ்வூரார் கூறினர். ஆகவே வேலியும் வேண்டா, காவலும் வேண்டா. கையில் முதல் இல்லாதவனின் பயிர் அது.

நான் கண்ட வயலில் செடிகள் முழங்கால் உயரத்துக்கு மேலிருந்தன. இலைகள் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய உரோமம் படர்ந்தவை. பாதி காய்ந்து உதிர்ந்துவிட்டன. காகிதம் போன்ற உறைக்குள்ளே சிவந்த சிறு பழங்கள். சொடக்குத் தக்காளியை உறையோடு பறித்து நெற்றியில் அடித்து விளையாடிய பிள்ளைப் பருவத்தினர் இதனை உடனே இனங்கண்டு கொள்வர். இலையின் வடிவத்தை நோக்கி இதற்கு வராககர்ணி, அதாவது பன்றிச்செவி என்றும் ஒரு பெயர் உண்டு. பழம் சிவந்து இலை காய்ந்தால் கிழங்கு முற்றிவிட்டது என்பது அவர்கள் கணக்கு.

குடும்பத்துப் பெண்களும் கூலிக்கு வந்த பெண்களுமாக எட்டுப் பேர் செடியைப் பிடித்து அசைத்து அசைத்து வேரோடு பிடுங்கிக் கொண்டிருந்தனர். இழுக்கும் விசையில் வேர் நடுவில் முறிந்துவிட்டால் அரை விலை போய்விடும். ஆகவே முறியுமிடத்தில் மண்வெட்டியால் பக்கத்து மண்ணைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். பிடுங்கிய செடியை மண் உதறி, தண்டின் அடியில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக விட்டு அரிவாளால் வெட்டி, வேரைத் தனியே குவிக்கிறார்கள். சுண்டுவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில், முள்ளங்கிக் குட்டியைப் போன்ற வேர். ஒன்றை ஒடித்து முகர்ந்து பார்க்கும்படி நீட்டினார் ஒரு மூதாட்டி. குதிரை லாயத்தின் வாடை அப்படியே எழுந்தது. அசுவகந்தம், குதிரை நாற்றம், என்று பெயரிட்டவன் பச்சை வேரை முகர்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கடையில் நாம் வாங்கும் உலர்ந்த கிழங்கில் இந்த வாடையில் பெரும்பகுதி அடங்கிப் போய்விடுகிறது.

பிறகு வெயிலில் காய வைத்தல். முழுதாகவோ, நாலு விரற்கடை நீளத்துக்கு நறுக்கியோ, களத்தில் பரப்புகிறார்கள். நன்கு உலர்ந்ததும் மரக்கட்டையால் மெல்ல அடித்து, ஒட்டிய மண்ணையும் சல்லிவேர்களையும் போக்குகிறார்கள். எழும் தூசியில் அனைவரும் தும்மிக்கொண்டே வேலை செய்கிறார்கள். முந்தானையால் மூக்கை இறுகக் கட்டியிருந்தும் தும்மல் நிற்பதில்லை. ஒரு ஹெக்டேர் நிலத்தில் உலர்ந்த கிழங்கு 3 முதல் 5 குவிண்டால் கிடைத்தால் நல்ல விளைச்சல் என்பர். மந்த்சௌரில் உருவாக்கப்பட்ட ‘ஜவாஹர் அஸ்கந்த் 20’ போன்ற இரகங்கள் பரவியிருக்கின்றன. ஆயினும் அவ்வயலின் உரிமையாளர், சென்ற ஆண்டுப் பழங்களைக் கசக்கி எடுத்த விதையையே தாம் தூவியதாகக் கூறினார்.

ஒரு சொல் இங்கே கூறியாக வேண்டும். வேர் குவிந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வெட்டிய தண்டும் இலையும் தனியே குவிந்திருந்தன. விறகுக்கா என்று வினவினேன். துணைவந்த பெரியவர் சிரித்தார். “இல்லை சாமி, அதுக்கும் ஆள் வரும். எடை போட்டு வாங்கிட்டுப் போவாங்க.” எதற்கு என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நீமச் விளைபொருள் சந்தை, மருந்துச் சரக்குகளுக்கு வட இந்தியாவில் பேர்பெற்றது. இசப்கோல் என்னும் வித்து, ஓமம், வெந்தயம், கருஞ்சீரகம், துளசி வித்து, பூண்டு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் களம். அமுக்கராவை அஸ்கந்த் என்கிறார்கள். சிமெண்டுத் தரையில் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு குவியலின் பக்கத்திலும் அதன் உழவன் குந்தியிருக்கிறான். வணிகர் கூட்டம் ஒன்று, சந்தை எழுத்தரோடு, குவியலுக்குக் குவியல் நகர்கிறது. ஒருவர் குனிந்து ஒரு வேரை எடுத்து ஒடிக்கிறார். ‘படக்’கென்று ஒடிந்து, உள்ளே மாவு வெள்ளையாகத் தெரிந்தால் விலை ஏறுகிறது. வளைந்து நார் இழுத்தால், உள்ளே மஞ்சள் பூத்திருந்தால், பொந்து விழுந்திருந்தால் இறங்குகிறது. ஒரு குவியலுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவாகவில்லை. ஆறு மாதப் பயிரின் விலை அந்த ஒடியும் ஓசையில் முடிவாகிவிடுகிறது.

தரம் பிரிக்கும் கணக்கை அங்கே ஒரு வணிகரின் கிட்டங்கியில் பார்த்தேன். ஏழு சென்டிமீட்டர் நீளமும் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் பருமனும் உடைய, உள் வெண்மை மாறாத கெட்டி வேர் முதல் தரம். ஐந்து சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் பருமனும் உள்ளது இரண்டாம் தரம். மூன்று, நான்கு சென்டிமீட்டர்த் துண்டுகள் மூன்றாவது. ஒடிந்தவை, மெலிந்தவை, பொந்தானவை, மஞ்சளித்தவை எல்லாம் கடைசித் தரம். இராஜஸ்தானத்து நாகௌர் நகரின் பெயரால் ‘நாகௌரி அஸ்கந்த்’ என்ற சொல் உயர்ந்த சரக்கைக் குறிக்க இன்னமும் வழங்குகிறது. முதல் தரக் கிழங்கு கிழங்காகவே தூர தேசங்களுக்குப் போகிறது. கிழங்காக விற்கும்போது வாங்குவோன் பார்த்து வாங்குவானல்லவா? கடைசித் தரத்தைக் கிழங்காக எவரும் வாங்கார். அது பொடியாகிறது. பொடி ஆனபின் ஒடித்துப் பார்க்க வழியில்லை.

அன்று மாலை அப்பெரியவரின் இல்லத்தில் உணவு. மாளவத்தில் குளிர் நம்மூர் மார்கழிக் குளிரினும் கடுமையானது. வெளியே சென்று வந்தவனுக்கு அம்மையார் ஒரு தட்டில் இலட்டு ஒன்றும், குவளையில் சுடுபாலும் வைத்தார். அஸ்கந்த் இலட்டு. அதன் பக்குவத்தைக் கேட்டு எழுதிக் கொண்டேன். கோதுமை மாவை நெய்யில் நிதானமாகச் சிவக்க வறுக்க வேண்டும். உண்ணும் பிசினைத் தனியே நெய்யில் பொரித்தால் பொரி போல் உப்பும்; அதை நசுக்கிச் சேர்க்க வேண்டும். சுக்குப் பொடி, வாதுமைப் பருப்பு, சிறிது வெந்தயம். வெல்லத்தை இளக்கி ஊற்றி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கடைசியில் அமுக்கராப் பொடி. ஒரு கிலோ மாவுக்கு ஒரு சிறு பிடி. அதற்கு மேல் போட்டால் கசக்கும் என்பதோடு, போடக் கூடாது என்றும் கூறினார். எலுமிச்சை அளவு உருட்டி, காலையில் ஒன்று. வீட்டிலுள்ள எல்லோருக்கும் இல்லை. வயலிலோ வேலையிலோ உடல் வருந்துபவர்க்கும், இடுப்பு வலி உள்ளவர்க்கும் மட்டும்.

“எப்பொழுது வரை செய்வீர்கள்?” என்று கேட்டேன். தீபாவளி கழித்துத் தொடங்கி ஹோலிப் பண்டிகையோடு நிறுத்திவிடுவார்களாம். கோடையில் இது உடலைக் கொதிக்கச் செய்யும் என்றார். பேத்தி மகப்பேற்றை எதிர்நோக்கியிருந்தாள். அவள் தட்டில் வேறு இலட்டு இருந்தது. அதில் அமுக்கரா இல்லை. இவையனைத்தையும் அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. மாமியாரிடம் கற்றது.

அங்கேயே மற்றொரு செய்தியும் கேள்வியுற்றேன். அமுக்கராவின் உடன்பிறப்பான வேறொரு விதானியா, சிந்து, பஞ்சாப், ஆப்கானிஸ்தானப் பகுதிகளில் வளர்கிறது. அதன் காய்களைத் துணியில் முடிந்து பாலில் ஊறவிட்டால் பால் திரைந்து பாலாடைக் கட்டி ஆகும். ‘பனீர் டோடி’ என்று நீமச் கடைகளிலும் அதை விற்கிறார்கள். இந்தக் குலத்துக்கும் பாலுக்கும் ஏதோ பழைய உறவு இருக்கிறது.

ஏனெனில் நம் சித்த மருத்துவரும் அமுக்கராவைப் பாலோடு சேர்க்காமல் கையாளுவதில்லை. கிழங்கை அப்படியே இடித்துத் தின்னச் சொல்லவில்லை அவர்கள். முதலில் பிட்டவியல் செய்ய வேண்டும். இடித்துச் சலித்த பொடியைப் பால் விட்டுப் பிசறி, பாதி பாலும் பாதி நீரும் ஊற்றிய பானையின் வாயில் துணி கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பி மூடி, பிட்டு அவிப்பது போல் அவித்து, வெயிலில் உலர்த்தி, மீண்டும் இடித்துச் சலிக்க வேண்டும். கிழங்கின் கடுமை தணிவதற்காக இந்த ஏற்பாடு. ஆயுர்வேதத்தார் பால் கஷாயமாகக் காய்ச்சுகின்றனர்: மருந்து ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, நீர் முப்பத்திரண்டு பங்கு, நீரெல்லாம் வற்றிப் பாலளவு நிற்கும் வரை சிறுதீயில் வைக்க வேண்டும். வேலை மிகுந்த ஒரு மாலைப் பொழுது முழுவதும் அடுப்படியில் போய்விடும்.

அமுக்கராச் சூரணத்தின் கணக்கு இன்னும் அழகானது. கிராம்பு ஒரு பங்கு. சிறுநாகப்பூ அதன் இருமடங்கு. ஏலம் அதன் இருமடங்கு. இவ்வாறே மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் இரட்டிப்பு. எழுத்தறியாதவரும் மறவாதபடி அமைந்த வாய்பாடு. கிராம்பு 5 கிராம் என்று தொடங்கினால் அமுக்கரா 320 கிராம் வரும். இதில் கருதத்தக்க செய்தி, அமுக்கரா தனியாக வரவில்லை என்பதே. செரிப்பதற்குக் கடினமான கிழங்கு. ஆகவே செரிமானம் தூண்டும் சுக்கும் மிளகும் திப்பிலியும் அதற்கு முன்னும் பின்னும் துணை நிற்கின்றன. மாளவத்து அம்மையார் இலட்டில் சுக்கும் வெந்தயமும் சேர்த்ததும் இதே காரணத்தாலன்றோ? ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வேறு மொழி பேசும் அடுக்களையில், நம் வைத்தியரின் கணக்கே வேறு வடிவில் புழங்குவது கண்டு மகிழ்ந்தேன்.

இனி, அந்த இலைக் குவியலுக்கு வருவோம். 2020இல் கொள்ளைநோய் பரவிய காலந்தொட்டு அமுக்கராவின் தேவை உலகெங்கும் பெருகியது. மேலைநாடுகளில் மன அழுத்தத்துக்கும் தூக்கமின்மைக்கும் மாத்திரையாக விற்கிறார்கள். கிழங்கின் வீரியத்தை ‘விதனோலைடு’ என்னும் வேதிப் பொருளின் விழுக்காட்டால் அளப்பது வணிக வழக்கம். அவ்வகைப் பொருள் இலையிலும் உண்டு. ஆறு மாதம் காத்து, அகழ்ந்து, உலர்த்த வேண்டிய வேரைவிட இலை மிக மலிவு. எனவே சிலர் இலையைக் கலக்கத் தொடங்கினர். புட்டியின் மேல் படம் மட்டும் வேரின் படம். ஆனால் இலையில் விதாஃபெரின் ஏ என்ற பொருள் வேரில் உள்ளதைவிட மிகுதி. அது உயிரணுக்களைத் தாக்க வல்லது. நம் நாட்டு ஆயுர்வேத மருந்து நூல் அசுவகந்தா என்று ஏற்றிருப்பது வேரை மட்டுமே. ஆகவே 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகம், இலையைப் பயன்படுத்த வேண்டா என்று மருந்து செய்வோருக்கு அறிவுறுத்தியது. டென்மார்க் அரசு 2023இல் உணவுப் பொருள்களில் அமுக்கராவையே தடை செய்தது. மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கியோர் சிலருக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்ததாக மருத்துவ ஏடுகளில் செய்திகள் வந்துள்ளன.

இதனால் கிழங்கையே வெறுத்து ஒதுக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. தூக்கத்துக்கும் மனக் கலக்கத்துக்கும் ஓரளவு பயன் தருவதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன; பெரிய, நெடுங்கால ஆய்வுகள் இன்னும் வேண்டும். எனக்குப் படுவது வேறு. அம்மையாரின் இலட்டில் ஒரு பருவம் இருந்தது, ஒரு பிடி என்ற அளவு இருந்தது, நெய்யும் பாலும் சுக்கும் இருந்தன, யாருக்கு வேண்டா என்ற அறிவும் இருந்தது. மாத்திரைப் புட்டியில் இவற்றில் ஒன்றும் இல்லை. மழை, வெயில், கோடை என்று பாராமல், வீரியம் செறிவாக்கப்பட்ட சாரத்தை, மாதக் கணக்கில், எவரையும் கேளாமல் உட்கொள்கிறார்கள். அபினிக்கு அரசு காவல் நிற்கிறது. அமுக்கராவுக்கு இதுவரை காவலாக நின்றது வீட்டுப் பெண்களின் நினைவு ஒன்றே. மாத்திரை வாங்குகிற பிள்ளைகளுக்கு அந்த நினைவு இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆளும் இல்லை.

ஆகவே பயன்படுத்த விரும்பும் குடும்பத்தினர் சிலவற்றை மனத்தில் கொள்க. கருவுற்ற தாய்மார் அமுக்கராவைத் தொட வேண்டா. தைராய்டு நோய்க்கு மருந்து உண்போர், ஈரல் நோயுற்றோர், தூக்க மாத்திரையோ நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மருந்தோ எடுத்துக் கொள்வோர், தம் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. ஆயுர்வேத மருந்து நூல் வேர்ப்பொடிக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் என்று அளவு கூறுகிறது. அது வளர்ந்தோர்க்கு உரியது, பிள்ளைகட்கன்று. உண்ணும் நாட்களில் கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தாலோ, பசி அற்றுப் போனாலோ, உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்குவது நன்று. நீமச் வணிகர் செய்வதை நீங்களும் கடை முன் நின்று செய்யலாம்: ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். நல்ல ஓசையோடு ஒடிந்து, உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். வாயிலிட்டால் மாவுத் தன்மையும் கசப்பும் தோன்றும். பூச்சி துளைத்ததும் பூசணம் பிடித்ததும் வேண்டா. வீட்டுக்குக் கொணர்ந்ததும் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, சிறு துண்டுகளாக நறுக்கி, இரும்பு உரலில் இடிக்க வேண்டும். நார் மிகுந்த கிழங்காதலால் ஒரே இடியில் மசியாது. இடித்துச் சலித்து, கப்பியை மறுபடி இடித்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்தால் பொடி மைபோல் வரும். பிறகு மேலே கூறியவாறு பிட்டவியல். உலர்ந்த பொடியை ஈரம் படாத கண்ணாடிப் புட்டியில் வைக்கலாம். சூரணத்தின் ஆயுள் மூன்று திங்கள் என்பது சித்த மருத்துவ மரபு; ஆதலால் ஆண்டு முழுமைக்கும் சேர்த்து இடித்து வைக்காமல், கிழங்காகவே வைத்துக்கொண்டு வேண்டும்போது இடிப்பதே முறை.

நீமச்சிலிருந்து நான் கொண்டு வந்தது இரண்டு கிலோ முதல் தரக் கிழங்கு. எங்கள் ஊரின் மூத்த சித்த வைத்தியர் ஒருவர் அதில் ஒன்றை ஒடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “மண் எந்த மண்?” என்று கேட்டார். மேட்டுச் செம்மண் என்றேன். தலையசைத்து, தராசை எடுத்து வரச் சொன்னார்.